வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு ஆளை எப்படித் தெரிவு செய்கிறார்கள்? மலையக நர்ஸ்மாருக்கு ஒரு வழிகாட்டி

ஹட்டனிலோ தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ பஸ்ஸை விட்டு இறங்கினால் ஏதாவது ஒரு சுவரில் "வெளிநாட்டில் நர்ஸ் வேலை, உடனடி விசா" என்று ஒரு போஸ்டர் கண்ணில் படும். கீழே ஒரு போன் நம்பர் மட்டும் இருக்கும். எந்த நாடு, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்ட் என்று ஒரு வரியும் இருக்காது. அந்த நம்பருக்குப் போன் எடுப்பதற்கு முன்னால், மறுபக்கத்தில் உங்களை யார், எதை வைத்துத் தெரிவு செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தெரிந்தால் பாதி ஏமாற்று உங்களிடம் எடுபடாது.

சவூதியிலோ துபாயிலோ இங்கிலாந்திலோ ஒரு ஆஸ்பத்திரி "நல்ல நர்ஸ் ஒருவர் வேண்டும்" என்று ஆள் தேடுவதில்லை. டயலிசிஸில் இத்தனை பேர் குறைவு, ஐசியூவில் இத்தனை பேர், பிரசவ அறையில் இத்தனை பேர் என்று அவர்களுடைய நர்சிங் நிர்வாகம் கணக்குப் போடும். அந்தக் கணக்கு ஆஸ்பத்திரியின் ஆளணிப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து நேரடியாகவோ ஒரு ஏஜென்சி வழியாகவோ வெளியே வரும். இலங்கையில் ஆள் எடுப்பதென்றால் உரிமம் உள்ள ஒரு ஏஜென்சி, அந்த வேலைக் கட்டளைக்கு, அதாவது எல்லோரும் ஜோப் ஓர்டர் என்று சொல்கிற அதற்கு, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதியை எடுக்க வேண்டும். பிறகுதான் உங்கள் சீவி கேட்கப்படும், அல்லது கேட்கப்பட வேண்டும். ஏஜென்சிக்காரர் ஒரு இடத்துக்குப் பல சீவிக்களை அனுப்புவார். அந்த வார்டின் பொறுப்பு நர்ஸ் அவற்றைப் பார்த்து, தன் வார்டுக்கு வந்த முதல் வாரமே வேலையில் இறங்கக்கூடிய ஆள் யார் என்று தேடுவார். அவர் பிரித்து வைக்கிற சில பேருக்குத்தான் நேர்முகம்.

ஆக, ஏஜென்சிக்காரரின் "செல்வாக்கு" என்று ஊரில் சொல்வதெல்லாம் பெரும்பாலும் கதை. காலியிடத்துக்கும் உங்கள் அனுபவத்துக்கும் பொருந்தினால் கூப்பிடுவார்கள், பொருந்தாவிட்டால் யார் சொன்னாலும் கூப்பிட மாட்டார்கள்.

முதலில் ஒரு கசப்பான கேள்வி: நீங்கள் நர்ஸா, கெயார்கிவரா, அதாவது முதியவர்களையும் இயலாதவர்களையும் பார்த்துக்கொள்கிற பராமரிப்பாளரா? எங்கள் பக்கத்து டவுன்களில் சில மாதக் கோர்ஸ் ஒன்றை முடித்து, வெள்ளை உடுப்பில் படம் எடுத்து, "நர்சிங் முடித்துவிட்டேன்" என்று நம்பிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். குற்றம் அந்தப் பிள்ளைகள் மீது இல்லை, அப்படிச் சொல்லிக் காசு வாங்கினவர்கள் மீதுதான். வெளிநாட்டு உரிம சபைகள் நர்ஸ் என்று எடுத்துக்கொள்வது அரச தாதியர் கல்லூரியின் மூன்று வருட டிப்ளோமாவையோ பல்கலைக்கழகத்தின் நர்சிங் பட்டத்தையோ, அதோடு இலங்கை தாதியர் சபையின் பதிவையும்தான். தனியார் ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தவர்கள், அந்தப் பயிற்சிக்கு அந்தச் சபையில் பதிவு கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டு உறுதிப்படுத்திவிட்டுத்தான் வேறு எதற்கும் காசு செலவழிக்க வேண்டும். பதிவு இல்லாமல் பரீட்சைக்குப் படிப்பது வீண்.

கெயார்கிவர் வேலையும் கௌரவமான வேலைதான், ஆனால் பாதை வேறு. இஸ்ரேலுக்கான கெயார்கிவர் வேலை இரு அரசாங்கங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தின்படி பணியகத்தின் வழியாக நடக்கிறது, இடையில் தரகர் தேவையே இல்லை. ஜப்பானுக்கு மொழிப் பரீட்சையும் பராமரிப்புத் திறன் பரீட்சையும் எழுத வேண்டும். பிரிட்டனோ, வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கெயார் வேர்க்கர் எடுப்பதை 2025 ஜூலை 22ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் "யூகே கெயார் விசா இருக்கு, அட்வான்ஸ் கட்டுங்க" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு பெற்ற நர்ஸுக்கான விசா வேறு, அது இன்னும் இருக்கிறது.

சரி, நீங்கள் பதிவு பெற்ற நர்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது நாட்டைத் தெரிவு செய்வது. இதை ஏஜென்சியிடம் விடாதீர்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமத்துக்கான வாசல் வேறு, அந்த வாசலைத் தாண்டக்கூடியவர்களைத்தான் ஆஸ்பத்திரி பார்க்கும்.

வளைகுடா நாடுகளில் எல்லாம் சேர்ந்து ஒரே உரிமம் என்று இல்லை. உரிமம் தருகிற அமைப்பு சவூதிக்கு சவூதி சுகாதாரச் சிறப்பு ஆணையம், துபாய்க்கு டிஎச்ஏ, அபுதாபிக்கு டிஓஎச், மற்ற எமிரேட்டுகளுக்கு சுகாதார அமைச்சு, பஹ்ரைனுக்கு என்எச்ஆர்ஏ. பொதுவாக எல்லாவற்றிலும் மூன்று படிகள் வரும்: டேட்டாஃப்ளோ என்கிற சான்றிதழ் சரிபார்ப்பு, கணினியில் எழுதுகிற பரீட்சை (நம்மவர்கள் மொத்தமாகப் புரோமெட்ரிக் என்பார்கள்), அப்புறம் மருத்துவப் பரிசோதனை. வேலை அறிவிப்புகளில் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள், அதுவும் அண்மைய அனுபவமாக இருக்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சையைப் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள் என்பதால் எங்கள் ஆட்களில் பலருக்கு முதல் வாசல் இதுதான்.

பிரிட்டனுக்கு என்எம்சி, அதாவது அந்நாட்டுத் தாதியர், மருத்துவிச்சியர் சபையின் பதிவு வேண்டும். ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் அகடமிக்கில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7, எழுத்தில் 6.5. அல்லது சுகாதாரத் துறையினருக்கான ஓஈடி என்ற ஆங்கிலப் பரீட்சையில் அந்த மூன்றுக்கும் பி, எழுத்துக்கு சி பிளஸ். ஒரே தடவையில் எல்லாம் வராவிட்டால், சில நிபந்தனைகளோடு இரண்டு தடவை எழுதிய பெறுபேறுகளைச் சேர்த்துக் காட்டலாம். அதன் பிறகு சிபிடி என்ற கணினிப் பரீட்சை: முதல் பகுதி மருந்தளவுக் கணக்கு, இரண்டாம் பகுதி நர்சிங் அறிவு. இதைக் கொழும்பிலேயே எழுதலாம். அங்கே போன பிறகு ஓஸ்கி என்ற செயன்முறைப் பரீட்சை, பத்து நிலையங்கள். அதைத் தாண்டும்வரை பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் ஒரு படி குறைந்த சம்பளத்தில் வைத்திருப்பார்கள், தாண்டினால் பேண்ட் 5 என்கிற, பதிவு பெற்ற நர்ஸுக்கான சம்பளத் தரம். இங்கிலாந்தில் 2025/26ஆம் ஆண்டுக்கு அதன் தொடக்கம் வருடத்துக்கு 31,049 பவுணாக இருந்தது. ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: கொரோனாவுக்குப் பிந்தைய சில வருடங்களில் வந்தவரையெல்லாம் எடுத்த காலம் முடிந்துவிட்டது, இப்போது பொது வார்டுக்கு வெளிநாட்டு ஆள் எடுப்பது நன்றாகக் குறைந்திருக்கிறது. தியேட்டர், ஐசியூ அனுபவம் உள்ளவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது.

அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமப் பரீட்சை, விசாவுக்கு நீண்ட காத்திருப்பு. அவுஸ்திரேலியாவுக்கும் என்கிளெக்ஸ் உண்டு, அங்கே போய் ஒரு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழியில் பி2 அளவு. வருடக்கணக்கில் பொறுத்திருக்கக் கூடியவர்களுக்கு இவை சரி.

இங்கிலிஷைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் ஏ.எல் வரை தமிழில் படித்துவிட்டு, வார்டில் சிங்களம் பேசி, நோயாளியின் டிக்கட்டில், அதாவது சிகிச்சைக் குறிப்பேட்டில், ஆங்கிலத்தில் எழுதுகிற ஆட்கள். எழுத்துத்தான் இழுத்துப் பிடிக்கும். ஓஈடியில் எழுத்துப் பகுதி நோயாளியைப் பற்றி இன்னொருவருக்கு எழுதுகிற கடிதம், பேச்சுப் பகுதி நோயாளியோடு பேசுவது. அதனால் உலகப் பொருளாதாரம் பற்றிக் கட்டுரை எழுதப் பயப்படுகிற நர்ஸுக்கு ஓஈடி கொஞ்சம் சுகம் என்பது என் அபிப்பிராயம், ஆனால் கட்டணம் கூட. பெறுபேறு இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே மற்றக் கடதாசிகள் ஒன்றுமில்லாமல் அவசரப்பட்டு இதை முதலில் எழுதவும் வேண்டாம்.

இப்போது கடதாசி. மலையகத்தில் ஆட்கள் மாட்டுப்படுகிற இடம் பரீட்சையை விட இதுதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, ஓ.எல் சான்றிதழில் இனிஷியல் இல்லை, தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். தோட்டத்தில் அந்தக் காலத்தில் யாரோ ஒருவர் காதில் கேட்டதைச் சிங்களத்தில் எழுதி, அது பிறகு ஆங்கிலத்துக்குப் போய், முத்தையாவை மூன்று விதமாக எழுதி வைத்திருப்பார்கள். இங்கே அது யாருக்கும் பிரச்சினை இல்லை. டேட்டாஃப்ளோவில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கோ அது மூன்று வேறு ஆட்கள். பாஸ்போர்ட் எடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தக்கூடியதைப் பிரதேச செயலகத்தில் பதிவாளர் வழியாகத் திருத்துங்கள், முடியாததற்கு "இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளுடையவை" என்று சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மட்டும், அவரிடமும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தையே போடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டுக்குக் கண்டியிலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது, பத்தரமுல்லைக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை.

தாதியர் சபையிலிருந்து நன்னிலைச் சான்றிதழ் (குட் ஸ்டாண்டிங்) வேண்டும், அதை அவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு சபைக்கு நேரடியாக அனுப்புவார்கள். வேலை செய்த ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலிருந்தும் சேவைச் சான்றிதழ் எடுங்கள். "நல்லொழுக்கமுடையவர்" என்று இரண்டு வரி எழுதித் தருவார்கள், அது போதாது. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எந்த வார்ட், முழுநேரமா, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் என்று இருக்க வேண்டும். அப்புறம் ஒரு சின்ன வேலை, ஆனால் மாதக்கணக்கை மிச்சப்படுத்துகிற வேலை: டேட்டாஃப்ளோ உங்கள் ஆஸ்பத்திரிக்கும் தாதியர் கல்லூரிக்கும் மின்னஞ்சல் அனுப்பி "இந்தச் சான்றிதழ் உண்மையா" என்று கேட்பார்கள். பதில் போகாவிட்டால் உங்கள் கோப்பு அப்படியே கிடக்கும். விண்ணப்பித்த அன்றே நிர்வாகக் கிளைக்குப் போய், பொறுப்பான சப்ஜெக்ட் கிளார்க்கைப் பார்த்து, இப்படி ஒரு மெயில் வரும், ஸ்பாமில் விழக்கூடும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஒரு கிழமை கழித்து மறுபடியும் போய்ப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அரச சேவையில் இருப்பவர்கள் கட்டாய சேவைக் காலம் பாக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2022 ஜூனில் வந்த அரச நிர்வாகச் சுற்றறிக்கை 14/2022, சேவை மூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதகம் இல்லாமல் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போக வழி விட்டது. உங்கள் தரத்துக்கு அமைச்சு அதை இன்று எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்று ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி எடுத்துக்கொண்டு போங்கள். சொல்லாமல் போய்விட்டால் வேலையும் போகும், பிற்பாடு சேவைச் சான்றிதழ் கேட்டு வரவும் முகம் இருக்காது.

சீவிக்கு வருவோம். உங்களைக் காலியிடத்தோடு பொருத்துகிற கடதாசி இது ஒன்றுதான். டவுனில் கொம்யூனிகேஷன் கடையில் அடித்துத் தருகிற மாதிரியில் தகப்பன் பெயர், சமயம், உயரம், பொழுதுபோக்கு எல்லாம் இருக்கும், வேலையைப் பற்றி ஒரே வரி இருக்கும்: "நர்சிங் ஒபிசர், மூன்று வருடம்". வார்ட் பொறுப்பு நர்ஸுக்கு இதில் பார்க்க ஒன்றும் இல்லை. அவர் தேடுவது: எத்தனை கட்டில் உள்ள வார்ட், இரவு முறையில் உங்கள் பொறுப்பில் எத்தனை நோயாளிகள், வென்டிலேட்டர் பார்த்திருக்கிறீர்களா, எந்த வகை பம்ப், மத்திய நாளக் குழாய் (சென்ட்ரல் லைன்) பராமரித்தீர்களா, இரத்தம் ஏற்றினீர்களா, எந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின்னான நோயாளிகள். இவற்றை வார்ட் வாரியாக எழுதுங்கள். பதிவு இலக்கம், எழுதிய பரீட்சை, எழுதப்போகிற திகதி எல்லாம் முதல் பக்கத்தில் மேலே. மொத்தம் இரண்டு பக்கம் போதும்.

தோட்டப்புறத்துச் சின்ன ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தவர்கள் "எங்களிடம் ஐசியூ இல்லையே" என்று சோர்ந்து போவதுண்டு. கொஞ்சம் யோசியுங்கள். மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கலைந்து ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேரை லொறியில் கொண்டு வந்து இறக்கினால், யாருக்கு மூச்சுத் திணறுகிறது, யாருக்குப் பிரஷர் இறங்குகிறது என்று பிரித்து, அட்ரினலின் போட்டு, ஒக்சிஜன் கொடுத்து, மோசமானவரை நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ மாற்றி அனுப்பினது யார்? அதற்கு அவசர சிகிச்சைப் பிரிவில் பெயர் உண்டு: முன்னுரிமைப்படுத்தல், தீவிர ஒவ்வாமை சிகிச்சை, நோயாளியை நிலைப்படுத்தி இடமாற்றல். அதை அப்படியே சீவியில் எழுதுங்கள். செய்யாததை மட்டும் எழுதாதீர்கள், நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள். அதோடு தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் தெரியும் என்பதையும் போடுங்கள். வளைகுடா வார்ட்களில் நோயாளிகளிலும் கூட வேலை செய்கிறவர்களிலும் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர்.

அனுபவம் போதாது என்று நினைத்தால், ஏஜென்சிக்குக் காசு கட்டுவதை விட நாவலப்பிட்டியிலோ கண்டியிலோ ஒரு சிறப்பு வார்டுக்கு இடமாற்றம் கேட்டு ஒரு வருடம் இருப்பது பலமடங்கு மேல். டயலிசிஸ், தியேட்டர், குறைமாதக் குழந்தைப் பிரிவு, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று கையில் இருந்தால் உங்கள் சீவி தானாக மேலே வரும்.

நேர்முகம் இப்போது பெரும்பாலும் வீடியோவில். லயத்தில் சிக்னல் வராது, மழைக்குக் கரண்டும் போகும், ஆகவே முதல் நாளே டவுனில் சொந்தக்காரர் வீடு ஒன்றையோ அமைதியான அறையையோ பார்த்து வையுங்கள். கேள்விகள் புதிதாக இருக்காது: சத்திரசிகிச்சை முடிந்து வந்த நோயாளிக்கு நாடித்துடிப்பு ஏறி இரத்த அழுத்தம் இறங்குகிறது, என்ன செய்வீர்கள்? டொக்டர் எழுதிய அளவு பிழை என்று தெரிகிறது, என்ன செய்வீர்கள்? இங்கே நாங்கள் "டொக்டருக்குச் சொல்வேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம், அது அவர்களுக்குப் போதாது. டொக்டர் வரும்வரை நீங்கள் என்ன பார்த்தீர்கள், எதைக் கொடுத்தீர்கள், எதை நிறுத்தினீர்கள், யாருக்கு எப்படி அறிவித்தீர்கள், எங்கே எழுதினீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். விளங்காவிட்டால் "மறுபடி சொல்ல முடியுமா" என்று கேளுங்கள், அதற்கு யாரும் புள்ளி வெட்டுவதில்லை. கடைசியில் "கேள்வி இருக்கிறதா" என்றால் தலையாட்டிவிட்டு எழும்பாதீர்கள். எந்த வார்ட், ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி, எத்தனை கிழமை பழக்குவீர்கள் என்று கேளுங்கள். நீங்களும் அவர்களைத் தெரிவு செய்கிறீர்கள்.

காசு விஷயம். எங்கள் முப்பாட்டன்மார் கங்காணியிடம் பட்ட கடன் ஒரு "துண்டு"க் கடதாசியில் ஏறி, அந்தத் துண்டோடு தோட்டம் தோட்டமாக மாறினார்கள். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். இன்றைக்கு சப் ஏஜென்ட் என்று வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் "இப்போ மூன்று லட்சம், விசா வந்ததும் மிச்சம்" என்று சொல்லும்போது எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வருகிறது. நர்ஸ் வேலையில் ஏஜென்சிக்குக் கூலி கொடுக்க வேண்டியது ஆள் தேவைப்படுகிற ஆஸ்பத்திரி. பிரிட்டனில் வேலை தேடித் தருவதற்கு ஆளிடம் கட்டணம் வாங்குவது 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே பிழை, நெறிமுறையான ஏஜென்சிகளின் பட்டியலை அங்குள்ள அரச சுகாதார சேவையின் (என்எச்எஸ்) தொழில்தருநர் அமைப்பான என்எச்எஸ் எம்ப்ளோயர்ஸ் வெளியிடுகிறது. ஐக்கிய அரபு எமிரேட்ஸ் சட்டமும் ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்கிறது. பரீட்சைக் கட்டணம், டேட்டாஃப்ளோ, பாஸ்போர்ட் போன்றவை உங்கள் செலவாக இருக்கலாம். அவற்றையும் உங்கள் கையால், உங்கள் பெயரில், அந்தந்த அமைப்பின் இணையதளத்திலேயே கட்டுங்கள். கணக்கின் பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், மூலச் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

ஏஜென்சியைப் பரிசோதிக்க இரண்டு விஷயம் பார்க்க வேண்டும், ஒன்று மட்டும் போதாது. பணியகத்தின் இணையதளத்தில் உரிம இலக்கம் இன்னும் செல்லுபடியாகிறதா, அந்தக் குறிப்பிட்ட ஆஸ்பத்திரிக்கு அனுமதி பெற்ற வேலைக் கட்டளை அவர்களிடம் இருக்கிறதா. உரிமம் உள்ள ஏஜென்சியே இல்லாத வேலைக்கு ஆள் சேர்ப்பதும் நடக்கிறது. சந்தேகம் என்றால் பணியகத்தின் 1989 என்ற போன் நம்பருக்கு அழைத்துக் கேளுங்கள். "விசிட் விசாவில் போங்க, அங்கே மாத்திக்கலாம்" என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

ஏஜென்சி இல்லாமலும் போகலாம். இங்கிலாந்தின் அரச ஆஸ்பத்திரி வேலைகள் என்எச்எஸ் ஜொப்ஸ் தளத்தில் வெளிப்படையாக வருகின்றன, வெளிநாட்டவரின் விசாவுக்கு அனுசரணை (ஸ்பொன்சர்) தர உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலையும் அந்நாட்டு அரசாங்கம் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் இல்லாத நிறுவனத்தால் உங்கள் விசாவுக்கு அனுசரணை தர முடியாது. இப்படி நேரடியாக வேலை எடுத்தாலும் புறப்படுவதற்கு முன் பணியகத்தில் சுயமாகப் பதிந்துகொள்ள வேண்டும்.

ஒபர் லெட்டர் வந்ததும் வீட்டில் பால்சோறு பொங்குவதற்கு முன் ஒப்பந்தத்தை முழுதாக வாசியுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு என்று பிரித்திருக்கிறதா, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், ஓவர்டைம் எப்படி, தங்குமிடம் யார் செலவில், போகவர டிக்கட் உண்டா, எந்த வார்ட் என்று எழுதியிருக்கிறதா. இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற பிரிவை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள். மாதம் செல்லச் செல்ல அந்தத் தொகை குறைய வேண்டும், குறையாவிட்டால் ஏன் என்று மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். இங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தமும் அங்கே போய் இறங்கியதும் நீட்டுகிற ஒப்பந்தமும் ஒன்றாக இருக்க வேண்டும், அதற்காக ஒரு பிரதியை வீட்டில் வைத்து, இன்னொன்றை உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள்.

விசா கையில் வரும்வரை வார்டை விட்டு நிற்காதீர்கள். ஏஜென்சிக்காரர் "இந்த மாதமே பறக்கலாம்" என்றதும் வேலையை ராஜினாமா செய்துவிட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு, அந்த வேலை கைநழுவிப் போனபோது அடுத்த ஆஸ்பத்திரி கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக வார்டில் நின்றது எப்போது?"